பூதத்துக்கு முதுகில் தையல்

தேனியில் ஒரு தியேட்டரில் படமிஷினுக்குள் வெளிச்சத்துக்கு எரிக்கிற கார்பன் குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு செனான் விளக்கு மாட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போயிருந்தேன். புகையும் கிடையாது, கருகல் நாற்றமும் கிடையாது. ஆபரேட்டர் பையன்கள் என்னை ஸ்டூல் போட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஒருவன் கேட்டான்: "ஐயா, நீங்க ஓட்டுனதுலயே ரொம்பப் பயந்த படம் எது?"

"மலைப்பூதத்தின் மறுவருகை" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெயரைக் கேட்டதும் சிரிக்கிறவன் படத்தைப் பார்த்திருந்தால் சிரித்தே செத்துப் போயிருப்பான். எங்கோ ஒரு தென்னந்தோப்புக்குள் எடுத்த படம் அது. பூதம் கையைத் தூக்கினால் கக்கத்தில் தையல் விட்டிருப்பது தெரியும். ஆற்றில் இறங்கும்போது முகமூடி நனைந்து மூக்கு தொங்கிவிடும். அதைப் பார்த்து ஊரே ஓடுகிற மாதிரி ஓட ஆள் பிடிக்கக்கூட வழியில்லாமல், ஓடினவர்களையே திரும்பத் திரும்ப ஓட விட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட படத்துக்குத்தான் நான் இன்றைக்கும் பயப்படுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், நான் சொல்லிவிடுகிறேன்.

நான் பழனிசெட்டிபட்டிக்காரன். படிப்பு ஏறாது என்று தெரிந்ததும் டூரிங் டாக்கீசில் சேர்ந்தேன். தரை டிக்கெட்டுக்கு மணல் பரப்பினேன், கரண்டுக்கு ஓடுகிற எஞ்சினுக்குத் தண்ணீர் சுமந்தேன், அறுந்த பிலிமை ஒட்டினேன், கடைசியில் இரண்டாவது ஆபரேட்டர் ஆனேன். என் பயிற்சி அவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஆசீர்வாதம் அண்ணன்.

அவர் போடி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம். கடையில் உட்காரப் பிடிக்காமல் மிஷினைத் தேடி வந்தவர். எங்கள் ஹெட் ஆபரேட்டர். எதைத் தொடுவதற்கு முன்னும் இரண்டு கையையும் வேஸ்ட் துணியில் துடைப்பார். சும்மா துடைப்பதில்லை, விரல் விரலாகத் துடைப்பார். அந்தக் காலத்துப் பிலிம் பொறி பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும், நியாயம்தான். ஆனால் சோற்றில் கை வைப்பதற்கும் அதே துடைப்புதான். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. ஓட ஆரம்பித்த ரீலை அவர் நடுவில் நிறுத்தியும் பார்த்ததில்லை. முதலாளி வந்து சொன்னாலும் நிறுத்தமாட்டார். "சாப்புடுறவன் கையப் புடிக்கிற மாதிரிடா அது, தங்கராசு" என்பார்.

அது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். கம்பம் டவுனுக்கு இந்தப் பக்கம், முல்லையாற்றங்கரையில் ஓர் ஊரில் கொட்டகை போட்டிருந்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஆட்களின் பேரன்கள் எனக்குத் தெரிந்தவர்கள், கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிறவர்கள்.

முதல் பாகம் 'மலைப்பூதம்' அங்கே நன்றாக ஓடியது. கடைசியில் பூதத்தை ஊர் சேர்ந்து விரட்டி அருவியில் தள்ளியதும் பெண்கள் பக்கத்தில் குலவை போட்டார்கள். அதுதான் வினையாகப் போனது. இரண்டாம் பாகப் பெட்டி வந்து, மாட்டுவண்டியில் கொட்டு அடித்து நோட்டீஸ் போட்டால் ஒருத்தரும் அசையவில்லை. "அதான் செத்துப் போச்சுல்ல? நாங்கதான பாத்தோம்? செத்த பூதத்துக்கு என்னத்துக்குய்யா இன்னொரு படம்?" என்றார்கள்.

முதலாளி மதுரைக்காரர். அவருக்கு யோசனை வந்துவிட்டால் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்காது. "பூதம் சாகலைன்னு ஊரே பேசணும். நாம பேசக்கூடாது, ஊர்தான் பேசணும்" என்றார். தச்சரிடம் சொல்லி மூன்று விரல் வைத்த பெரிய மரப்பாதம் இரண்டு செதுக்கச் சொன்னார். அதைக் கட்டிக்கொண்டு விடிகாலையில் ஆற்று ஈரத்திலும் வயல் வரப்பிலும் நடக்க ஆள் வேண்டும். சன்னாசியைப் பிடித்தார்.

சன்னாசி எங்கள் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிறவன். நல்ல வளர்த்தி. ஈ எறும்புக்குக்கூட வழி விடுகிறவன். அவன் பெண்சாதி பேச்சி கொட்டகைக்குள் வறுகடலையும் முறுக்கும் விற்பாள். அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். 'மாட்டேன்' என்ற சொல் சன்னாசிக்கு எப்போதும் வந்ததில்லை.

தடத்தைப் பார்த்து ஊர் கொஞ்சம் பேசியது. முதலாளிக்குப் போதவில்லை, யாராவது கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். சாக்கில் ஓர் உடுப்பு தைத்து, காட்டுப்பன்றி மயிரைப் பசை போட்டு ஒட்டினோம். மயிர் பளபளக்கவும் பனி ஊறாமல் இருக்கவும் பன்றிக் கொழுப்பைத் தேய்த்தோம். காகிதக் கூழில் தலை. கைக்குக் கொம்பில் நகம். முதுகுப் பக்கம் திறப்பு. பித்தான் வைத்தால் வெயிலில் மின்னிக் காட்டிக் கொடுத்துவிடும் என்று முதலாளி வேண்டாம் என்றுவிட்டார். அதனால் ஒவ்வொரு தடவையும் பேச்சிதான் புருசனை உள்ளே விட்டு, கோணி ஊசியும் சணலும் வைத்துக் கழுத்திலிருந்து இடுப்புவரை தைத்து அனுப்புவாள். வந்ததும் அவளே பிரிப்பாள். அவனாகக் கழற்ற முடியாது. தலையும் அந்தத் தையலோடு சேர்ந்ததுதான்.

"மூச்சு வருதா?" என்று கேட்பாள்.

உள்ளேயிருந்து ஊம் ஊம் என்று ஒரு சத்தம் வரும். அந்தக் கூழ்த்தலைக்குள் பேசினால் எந்தப் பேச்சும் உறுமல்தான்.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன ஒருவர் முதலில் பார்த்தார். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடியவருக்கு அன்று மாலையே காய்ச்சல், பிதற்றல். அதோடு ஊர் மாறிப்போனது. வெயில் ஏறாமல் ஒருவரும் காட்டுக்குப் போகவில்லை. பொழுது சாய்வதற்குள் மாட்டை வீட்டுக்குள்ளேயே பிடித்துக் கட்டிக் கதவைச் சாத்தினார்கள். வாசலெல்லாம் வேப்பிலை. பிள்ளைகளைச் சொந்தக்காரர் ஊருக்கு அனுப்பினார்கள். வீரபாண்டி ஆத்தாளுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக ஒரு தெருவே நேர்ந்துகொண்டது. ஒரு நாள் விடிந்ததும் ஆற்றுக்குப் போன எனக்கு முன்னால் ஈரமண்ணில் அந்த மூன்று விரல் தடம் கிடந்தது. செதுக்கியபோது கட்டையைப் பிடித்துக்கொண்டவனே நான்தான். இருந்தும் அதைத் தாண்டிப் போக எனக்குக் கால் வரவில்லை, சுற்றித்தான் போனேன்.

வேடிக்கை என்னவென்றால், கொட்டகை காலி. பொழுது சாய்ந்தபின் தெருவில் இறங்கவே பயப்படுகிற ஊர் எப்படிப் படத்துக்கு வரும்? காலி மணலைப் பார்த்து முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். அடுத்த யோசனை வந்துவிட்டது. "பூதம் மலையேறிப் போறதை ஊரு பாக்கணும். போயிருச்சுன்னு தெரிஞ்சா நிம்மதியா வருவாக. இதுதான்டா கடைசி, சன்னாசி."

இதில் யாரும் கணக்கில் எடுக்காத ஆள் ஒருவர் இருந்தார். மொக்கையன், அந்த ஊரின் வேட்டைக்காரர். அவர் தடத்தைக் குனிந்து பார்த்து, முள்ளில் சிக்கியிருந்த மயிரை எடுத்து மோந்து பார்த்தாராம். "பூதமும் இல்ல, புண்ணாக்கும் இல்ல. கால் நொந்த பன்னி. கெழட்டுப் பன்னிதான் ஆளப் பாத்து நிக்கும்" என்று சொல்லிவிட்டு, கோம்பைக்கு ஆள் அனுப்பி நாய் கேட்டிருக்கிறார். கோம்பை நாய் பன்றிக்கென்றே பழக்கிய நாய். வாயை வைத்தால் விடாது. இந்த விவரம் எதுவும் கொட்டகைக்கு வரவில்லை.

அன்று காலையில் பேச்சி தைத்து அனுப்பினாள். வெயில் வந்ததும் மலைப்பக்கம் நாணல் காட்டு வழியாக ஏறிப் போவதாக ஏற்பாடு. அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் ஊர்ப்பக்கம் தப்புக் கொட்டு அடிக்கிற சத்தம் கேட்டது. சாவு போலிருக்கிறது என்று நினைத்தேன். சத்தம் ஊரைவிட்டு வெளியே வந்து ஆற்றுப்பக்கம் திரும்பியது. நாய்க் குரைப்பும் சேர்ந்துகொண்டது. ரோட்டில் வேல்கம்போடு ஓடிய ஒருவரைக் கேட்டேன்.

"பூதத்தை நாணலுக்குள்ள மடக்கியாச்சுய்யா! சுத்தி வளைச்சு நிக்கிறாக!"

பேச்சி கையிலிருந்த கடலைச் சுளகு கீழே விழுந்தது. "ஆத்தா! நான்ல தச்சு அனுப்புனேன்! அவரால அவுக்க முடியாதே!" என்று கத்திக்கொண்டே வயிற்றைப் பிடித்தபடி ஆற்றைப் பார்த்து ஓடினாள்.

நானும் ஓடக் கால் எடுத்தேன். ஆசீர்வாதம் அண்ணன் என் தோளைப் பிடித்தார்.

"நீ அங்கன போய்ச் சேரங்குள்ள முடிஞ்சிரும். போனாலும் அந்தக் கொட்டுக்கு மேல உன் தொண்டை எடுபடாது. கம்பத்துல ஏறு. கொழாயை ஆத்துப் பக்கமாத் திருப்பு. நான் எஞ்சினைக் கெளப்புறேன்."

குழாய் என்றது ஒலிபெருக்கியை. கொட்டகை வாசலில் பனங்கம்பத்தின் உச்சியில் ஊரைப் பார்த்துக் கட்டியிருந்தோம். முதலாளி குறுக்கே வந்து விழுந்தார். "எஞ்சினைத் தொடாதே! விஷயம் வெளிய வந்தா கொட்டகையக் கொளுத்திருவாங்கய்யா! ஆயில் வேற கன்ட்ரோல்ல இருக்கு!"

அண்ணன் கையை விரல் விரலாகத் துடைத்தார். எஞ்சின் தலையைப் பழுக்கக் காய்ச்சுகிற, தீயை ஊதும் புளோ லாம்பைப் பற்ற வைத்து முதலாளி கையில் கொடுத்தார். "இதக் கொஞ்சம் புடிங்க மொதலாளி. இந்த எடத்துலயே காட்டுங்க. ஆட்டாதீக." முதலாளி திகைத்துப் போய் வாங்கிப் பிடித்துக்கொண்டார். கடைசிவரை பிடித்துக்கொண்டே நின்றார்.

நான் கம்பத்தில் ஏறினேன். அங்கிருந்து பார்த்ததைத்தான் நான் இத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

பட்டப்பகல். ஆற்றோரம் நாணல் காடு. அதைச் சுற்றி ஆட்கள், ஆளுக்கொரு வேல்கம்பு, அரிவாள். தப்படிக்கிறவர்கள் வரிசையாக நின்று அடிக்க அடிக்க வளையம் சுருங்கியது. நடுவில் நாணல் ஓர் இடத்தில் மட்டும் அசைந்தது. அசைகிற இடத்தைப் பார்த்து நாய்கள் கயிற்றை இழுத்தன.

நாணலை விலக்கிக்கொண்டு அவன் எழுந்து நின்றான். மனுசன்தான் என்று காட்ட இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான். நகம் வைத்த கை. ஊருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? ஹோவென்று சத்தம் எழுந்தது. ஒரு வேல்கம்பு பறந்து போய் அவன் பக்கத்தில் குத்திட்டு நின்றது. அவன் உள்ளே கத்தியிருக்கிறான். வெளியே உறுமலாக வந்திருக்கிறது. மறுபடி நாணலுக்குள் விழுந்தான். அவன் முதுகுக்குக் கை போவதும் எட்டாமல் திரும்புவதும் எனக்குத் தெரிந்தது. அந்தத் தையலை அவன் தேடுகிறான் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

பேச்சி வளையத்துக்கிட்டே போய்ச் சேர்ந்துவிட்டாள். வேட்டைக்குப் பெண்பிள்ளை குறுக்கே வரக்கூடாது என்று இரண்டு பேர் அவளைப் பிடித்து இழுத்தார்கள். அவள் வாய் திறந்து மூடுவது தெரிந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. எல்லாம் கொட்டு.

"அண்ணே! சீக்கிரம்ண்ணே! நாயை அவுக்கப் போறாக!" என்று மேலேயிருந்து அழுதேன். ஆமாம், அழுதேன்தான்.

கீழே அவர் எஞ்சின் தலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் செவக்கல" என்றார். அந்த நிமிஷம் அவரைக் கொன்றுபோடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. காயாத எஞ்சினைச் சுற்றினால் திருப்பி உதைத்து நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து வரவேண்டும். தெரியும், தெரிந்தும் ஆத்திரம். தலை சிவந்தது. அவர் சக்கரத்தை ஒரே இழுப்பாக இழுத்தார். எஞ்சின் பிடித்தது. நடந்து போய் டைனமோ பெல்ட்டை மாட்டினார். நடந்து போய் ஆம்ப்ளிபயரைப் போட்டார். அதற்குள் இருக்கிற கண்ணாடி வால்வு சூடேற வேண்டும், அதற்கும் அவசரம் தெரியாது.

"மைக்குல சொல்லுங்கண்ணே! சன்னாசின்னு சொல்லுங்க!"

"கொட்டு நிக்காம என்ன சொன்னாலும் விழுகாது. நாயனத்தப் போடுறேன்."

பைத்தியமா இவருக்கு என்று நினைத்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அந்த ஊர்த் திருவிழாவில் நாயனமும் தப்பும் முறை வைத்து மாறி மாறித்தான் வாசிக்கும். நாயனம் எடுத்துவிட்டால் தப்பு அமர்ந்துவிட வேண்டும். எடுத்தபின் ஓர் அடி விழுந்தாலும் பெரிய தகராறு ஆகும். கோவிலுக்குள் கால் வைக்காத வேதக்காரர் அதைக் கவனித்து வைத்திருக்கிறார்.

தினமும் டிக்கெட் கொடுக்கும் முன்னால் போடுகிற அதே நாயன ரிக்கார்டு. என் காதை ஒட்டிக் குழாய் அலறியது. ஆற்றங்கரையில் தப்படிக்கிற கைகள் அப்படியே நின்றன. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, கைப்பழக்கம் நிறுத்திவிட்டது. ஊரே கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. ஒரு நாய் மட்டும் அதற்குள் கயிறு நழுவிப் பாய்ந்துவிட்டது.

அண்ணன் ரிக்கார்டிலிருந்து முள்ளை எடுத்துவிட்டு மைக்கில் பேசினார். இடைவேளை அறிவிக்கிற அதே குரல்.

"அது பூதம் இல்ல. டிக்கெட் கிழிக்கிற நம்ம சன்னாசி. உள்ள வச்சுத் தச்சிருக்கு. நாயைப் புடிங்க. சன்னாசி உள்ள இருக்கான், நாயைப் புடிங்க."

அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மொக்கையன் நாணலுக்குள் பாய்ந்தார். அரிவாள் மேலே போனதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, அவர் நாயின் கழுத்தை முழங்காலுக்கடியில் அழுத்திக்கொண்டு, அதே அரிவாளால் முதுகுத் தையலை அறுத்துக்கொண்டிருந்தார். காகிதத் தலை கழன்று விழுந்தது. உள்ளேயிருந்து எங்கள் சன்னாசியின் எண்ணெய் வழிகிற சின்னத் தலை வெளியே வந்தது. பேச்சியை யாரும் பிடிக்கவில்லை. அவள் போய் அவன் மேல் விழுந்தாள்.

வலது ஆடுசதையை நாய் கிழித்துவிட்டது. உயிர் நின்றது.

பொழுது சாயும் நேரத்தில் ஊர் கொட்டகைக்கு வந்தது. கையில் தீப்பந்தம் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்த்தேன். முதலாளி பிலிம் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து சாமி பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். மொக்கையன் முன்னால் வந்து நின்றார்.

"ஆட்டம் உண்டாய்யா இன்னைக்கு?"

"உண்டு" என்றார் அண்ணன்.

"போடுங்க. இத்தன நாளு கதவப் பூட்டிக்கிட்டுச் செத்தோம். என்னத்துக்குப் பயந்தோம்னு பாத்துட்டாவது போறோம்."

கொட்டகை பிதுங்கியது. காலில் மஞ்சள் பற்றோடு சன்னாசியைத் தூக்கி வந்து முன்னால் மணலில் காலை நீட்டி உட்கார வைத்தார்கள். பக்கத்தில் மொக்கையன். திரையில் பூதம் வந்ததும் "ஏலே சன்னாசி! மூக்கப் பாருடா!" என்று ஒருவன் கத்தினான். அவ்வளவுதான், கொட்டகையே அதிர்ந்தது. பூதம் எட்டிப் பார்த்தால் சிரிப்பு, ஒளிந்தால் சிரிப்பு. காய்ச்சலில் கிடந்தவரே எழுந்து வந்து சிரித்தார். சன்னாசியும் வெட்கப்பட்டுச் சிரித்தான். எங்களிடம் ஒரே மிஷின், ஒவ்வொரு ரீல் மாற்றும்போதும் விளக்குப் போட வேண்டும். விளக்குப் போட்ட போதெல்லாம் பேச்சியிடம் கடலை வாங்க அடிதடி.

பிறகு கடைசி ரீல் மாட்டினோம்.

அதில் ஊர் ஒன்றுசேர்ந்து பூதத்தைப் புதருக்குள் மடக்கும். கொட்டு அடிப்பார்கள், நாயை விடுவார்கள். நாய் என்னவோ தெருநாய்தான், வாலை ஆட்டிக்கொண்டு வரும். பூதம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கும்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. மிஷின் ரூம் ஓட்டை வழியாகப் பார்த்தேன். சன்னாசி துண்டை எடுத்து முகத்தை மூடியிருந்தான். பெண்கள் பக்கத்தில் பேச்சி எழுந்து நின்றுவிட்டாள். திரையில் கொட்டுச் சத்தம் ஏற ஏற, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தப்புக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மொக்கையன் எழுந்து வெளிச்சத்துக்கு நடுவில் நின்றார். அவர் நிழல் பூதத்தின் மேல் விழுந்தது. மிஷின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"போதும்ய்யா. அதக் கொல்ல வேண்டாம். நிப்பாட்டுங்க."

நான் ஆசீர்வாதம் அண்ணனைப் பார்த்தேன். அவர் கையைத் துடைக்கவில்லை. அப்படியே எட்டி விளக்கை மறைத்து மிஷினை நிறுத்தினார்.

அந்தப் படம் அங்கே இன்னும் பல நாள் ஓடியது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வண்டி கட்டி வந்தார்கள். கடைசி ரீலைப் பெட்டியிலேயே வைத்திருந்தோம். பூதம் கடைசியில் என்ன ஆச்சு என்று அந்த ஊரில் ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை.